நாலாயிரம் கெல்வின்

மகேஷ்குமாரின் கடைக்குப் பல்பு வாங்க வருகிறவர்கள் ஃபியூஸ் போன பழைய பல்பைக் கையில் கொண்டு வருவார்கள். செல்வதாஸ் மரப்பட்டை கொண்டு வந்திருந்தான். பிளாஸ்டிக் பையைத் திறந்து, ஈரத்துணியில் பொதிந்து வைத்திருந்த மூன்று துண்டுகளை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். போன வாரக் காற்றில் சாய்ந்த ரப்பர் மரத்திலிருந்து வெட்டி எடுத்தவை. ஒவ்வொன்றிலும் பட்டையும் அதன் அடியில் விரல் கனத்துக்கு உள்மரமான தடியும் சேர்ந்திருந்தன. தக்கலையின் அந்த நெருக்கடியான கடைவீதியில், மிக்ஸியும் ஃபேனும் தொங்கும் கடைக்குள், ரப்பர் பாலின் புளித்த வாடை எழுந்தது.

"அண்ணே, நாட்டு மருந்துக்கடைன்னு நெனச்சு கேறிட்டியளா?" என்றான் மகேஷ்குமார்.

"இல்ல டே. ஒனக்க கடையில மூணு கலரு பல்பு இருக்குல்லா, அத ஒண்ணொண்ணா போட்டுக் காட்டு. வெளிச்சத்தில இதப் பாக்கணும்."

"எதுக்காக்கும்?"

"ஒரு டார்ச்சு வேண்டணும்."

"டார்ச்சு எனக்க கடையிலயே கெடக்கே."

"அது மஸ்கட்டில இருந்து வருது," என்றான் செல்வதாஸ். சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது.

மதிய நேரம், கடையில் வேறு ஆளில்லை. மகேஷ்குமார் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, பல்பு சோதிக்கும் பலகையில் மூன்றையும் மாட்டினான். முதலில் ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின், பளீரென்ற நீலம் கலந்த வெள்ளை. பட்டையின் செந்தவிட்டு நிறம் அதில் செத்துப்போய்ச் சாம்பலாகத் தெரிந்தது. அடுத்தது மூவாயிரம், மஞ்சள். பார்க்க இதமாக இருந்தாலும், பட்டையின் உள்தோலும் அதற்கு அடியிலிருக்கும் தடியும் ஒரே மஞ்சளாகக் குழைந்துபோயின. மூன்றாவதாக நாலாயிரம். செல்வதாஸ் குனிந்தான். வெளிப்பட்டை தவிட்டு நிறம், அதற்குள் சிவப்பு, அதற்கும் உள்ளே பால் ஊறும் வெளிறிய தோல், பிறகு நூல் அளவுக்கு ஒரு பச்சை ஈரம், அப்புறம் வெள்ளைத் தடி. பாடப்புத்தகத்துப் படம் போல எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. பால் எடுக்கப் பட்டையைச் சீவும் கத்தி அந்தப் பச்சை ஈரத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்க வேண்டும். தாண்டினால் மரத்தில் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும்.

போன வருடம் அவனே தேடிப்பிடித்து ஒரு ஹெட்லைட் வாங்கியிருந்தான். அட்டையில் ஆறாயிரத்து ஐந்நூறு என்று போட்டிருந்தது. எண் கூடினால் பவர் கூடுதல் என்று நினைத்துவிட்டான். மோட்டாருக்குக் குதிரைசக்தி பார்க்கிற ஊரில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் சவுதியில் பதினோரு வருடம் எலக்ட்ரீசியனுக்கு ஒயர் பிடித்தவன் அப்படி நினைத்ததை வெளியே சொல்ல முடியுமா? ஒரு மழைக்காலம் முழுக்க அந்த நீல வெளிச்சத்தை நெற்றியில் கட்டிக்கொண்டு விடியுமுன்னே தன் நூற்றெண்பது மரத்திலும் பால் வெட்டினான். மழை ஓய்ந்து ஒரு பகலில் நிதானமாகப் பார்த்தபோதுதான் பாதி மரங்களில் தடி தெரிந்தது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

"பின்ன என்ன, நாலாயிரம்தான்," என்றான் மகேஷ்குமார். "மஸ்கட்டுக்கு அக்காவ இப்பளே விளிச்சுச் சொல்லுங்க."

"சொல்லணும்," என்றான் செல்வதாஸ். பட்டைகளைத் துணியில் பொதிந்தான். இவ்வளவு நேரம் கடையை அடைக்க வைத்துவிட்டு வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்ததால், தேவையில்லாத ஒரு பல்பை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

வேர்க்கிளம்பி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஜினிதான். 'கலர் சொல்லுங்க. டிஜோ நாளைக்கு ராத்திரி பிளைட் கேறுதான்.' அதைப் படித்துவிட்டு மீண்டும் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஜினி மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். முதலில் அவன் சவுதியில் இருந்தான், அவள் ஊரில் பிரீனாவைப் பெற்று வளர்த்தாள். முதுகுவலியோடு அவன் திரும்பி வந்த ஐந்தாம் மாதம் அவள் விமானம் ஏறினாள். ஷிஃப்ட் மாறுகிற இரண்டு தொழிலாளிகள் வாசலில் பார்த்துக்கொள்வது போலத்தான் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள். ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்து இருந்த நாட்களை எல்லாம் கூட்டினால் நான்கு வருடம் வந்தால் அதிகம். பிரீனா பெங்களூரில் படிக்கிறாள், அவளுக்கு அவளுடைய உலகம். கடைசியாக ஜினி வந்துபோய் மூன்று வருடமாகிறது.

செப்டம்பரில் அவன் மரக்காயத்தைப் பற்றிச் சொன்னபோது, "நல்ல டார்ச்சு இங்க கிட்டும், கிறிஸ்மஸுக்கு வரும்ப கொண்டு வாறேன்" என்று அவள்தான் சொன்னாள். அக்டோபரில் ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னாள். வார்டுக்கு அவளைப் பெரிய சிஸ்டராக்கியிருக்கிறார்களாம். சொல்லும்போது அவள் குரலில் இருந்த மிடுக்கை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. நவம்பரில், பேச்சோடு பேச்சாக, "டார்ச்ச டிஜோக்க கையில குடுத்து விடட்டா?" என்றாள். டிஜோ அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இரணியல் பையன். அப்படியானால் அவள் வரவில்லை. அவள் அதைச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தான்.

அதனால் பிடி கொடுக்காமல் வேறு கேள்விகள் கேட்க ஆரம்பித்தான். பேட்டரி எந்த அளவு? தண்ணீர் பட்டால் தாங்குமா? நெற்றியில் கட்டுகிற பட்டை தனியாகக் கிடைக்குமா? நிறங்களை உள்ளபடி காட்டுவதற்கு நூற்றுக்கு எத்தனை மார்க்? யூடியூபில் வெள்ளைக்காரர்கள் டார்ச்சைக் குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவதை எல்லாம் பார்த்தான். ஊரில் யாராவது கேட்டிருந்தால் டார்ச்சைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்திருப்பான், யாரும் கேட்கவில்லை. ஜினி சலிக்காமல் கடைக்காரனிடம் விசாரித்து விசாரித்துப் பதில் அனுப்பினாள். அந்த மூன்று வாரத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் பேசியதைவிட அதிகம். செல்வதாஸுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசியில் மீதி இருந்தது ஒரே கேள்வி, எந்த நிறம் என்பது. அதற்கும் இன்று பதில் கிடைத்துவிட்டது. சொன்னால் டார்ச்சு டிஜோவின் பெட்டிக்குள் போகும், கிறிஸ்மஸுக்கு அவன் தனியாகக் கோயிலுக்குப் போய், தனியாக வந்து, தனியாகச் சோறு வடிப்பான். அன்று ராத்திரி அவன் பதில் அனுப்பவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அவளுக்கு விடுமுறை. ரப்பர் ஷீட் அடித்துக் காயப்போட்டு, குளித்து, ஆறிய சோற்றைச் சாப்பிட்டு அவன் உட்கார்ந்த நேரத்துக்கு வீடியோவில் அழைத்தாள். மணி இரண்டரை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்று டார்ச்சுகள்.

"நீங்க சொல்லப்போறதில்லன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "அதான் மூணையும் எடுத்துட்டு வந்தேன். கடைக்காரனுக்க அம்மைக்கு நான்தான் ஊசி போடுவேன், அதனால தந்து விட்டான். வேண்டாத ரெண்டையும் சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும். டிஜோ அஞ்சு மணிக்கு வருவான்."

"பகல் வெளிச்சத்தில எனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஜன்னல் திரைய இழுத்து வுடுதேன். இங்க மரம் ஒண்ணும் இல்ல கேட்டியளா, எனக்க மூஞ்சியில அடிக்கேன். அதப் பாத்துச் சொல்லுங்க."

திரை இழுபடும் சத்தம் கேட்டது. போனில் இருட்டு. பிறகு முதல் டார்ச்சு எரிந்தது. நீலவெள்ளை. நீளமான வராந்தாவில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகிற யாரோ ஒரு பெண்ணின் முகமாக அது இருந்தது. ஒரே நொடிதான். உடனே போன் தன் பாட்டுக்கு நிறத்தைச் சரிசெய்து, வாராவாரம் பார்க்கிற வழக்கமான ஜினியாக அவளை மாற்றிவிட்டது. அடுத்து மஞ்சள். அதிலும் அந்த முதல் நொடியில் மட்டும் அவளுக்கு வயது நாற்பத்தாறு இல்லை. இதையே சொல்லிவிடலாமா என்று நினைத்தான்.

மூன்றாவதை எரியவிட்டாள்.

கன்னங்கள் இரண்டிலும் மங்கு படர்ந்திருந்தது. காதோரம் மயிர் நரைத்து, சாயம் பூசிய இடமும் பூசாத இடமும் கோடு போட்டாற்போலத் தெரிந்தன. கண்ணுக்குக் கீழே தோல் கறுத்துத் தளர்ந்திருந்தது. கண் கூசிச் சிரித்தபோது வலது ஓரத்தில் ஒரு பல் இல்லை. அதற்குள் போன் எல்லாவற்றையும் பூசி மெழுகிவிட்டது.

"இன்னொருக்க போடு," என்றான்.

அணைத்துப் போட்டாள். மீண்டும் அந்த ஒரு நொடி.

"ஏட்டி, பல்லு எப்ப போச்சு?"

ஜினி உதட்டைக் கையால் மறைத்தாள். பிறகு, "போன வருஷம். எடுத்துட்டேன்," என்றாள்.

"சொல்லல்லியே."

"நீங்க கேக்கல்லியே. பல்லு போனா என்ன, சவத்த விடுங்க. கலரு சொல்லுங்க."

இந்த முகத்தோடு மூன்று வருடமாக வாரம் இரண்டு தடவை பேசிக்கொண்டிருந்தோம், ஆனால் பார்க்கவே இல்லை என்பது அவனைப் போட்டு அழுத்தியது. அவளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அவனில்லாத ஒரு அறையில், அவனுக்குத் தெரியாமல், பல் வலித்து, வீங்கி, பிடுங்கி, ஆறியும் போயிருந்தது.

"இன்னொருக்க," என்றான்.

"எத்தன மட்டமாக்கும்? கண்ணு வலிக்குது."

"ஒருக்க மட்டும்."

போட்டாள். அணைத்தாள். அவன் கேட்காமலே இன்னொரு தடவை போட்டாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நேராகக் காட்டினாள்.

"பிரீனாக்க அப்பா," என்றாள் கண்ணைத் திறக்காமல். "இதுதானா?"

"இதுதான். நாலாயிரம்."

"அப்ப இத டிஜோட்ட குடுத்து விடுதேன்."

"வேண்டாம்."

"என்னது?"

"டிஜோட்ட குடுக்காண்டாம்," என்றான். பெண்பார்க்கப் போன அன்றுகூட அவன் இவ்வளவு துணிந்து பேசவில்லை. "அத நீயே வச்சுக்க. நீ வரும்ப கொண்டு வந்தா மதி."

வெளிச்சம் முகத்தைவிட்டு நழுவிச் சுவரில் விழுந்து, பின் திரும்பி வந்தது.

"அதுவர மரத்த எப்பிடி வெட்டுவிய? அந்த நீல லைட்ட வச்சா?"

"விடிஞ்ச பெறவு வெட்டுதேன்."

"வெயிலு ஏறினா பாலு கொறயும்லா?"

"கொறயட்டு."

ஜினி டார்ச்சை அணைத்துவிட்டாள். திரையை விலக்கப் போகிறாள் என்று காத்திருந்தான். அவள் எழுந்திருக்கவில்லை. போன் இருட்டில் எதையாவது பிடித்துக் காட்டப் பார்த்து, முடியாமல், பொரிப் பொரியாகச் சாம்பல் புள்ளிகளைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் புள்ளிகளுக்குள் எங்கோ அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒரு தடவை கேட்டது. வாறேன் என்றும் அவள் சொல்லவில்லை, வரல்ல என்றும் சொல்லவில்லை. செல்வதாஸ் போனைக் கண்ணுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனான். கறுத்த திரையின் மேல் ஓரத்தில் பேச்சின் நேரம் பதினேழு நிமிடம் நாற்பது விநாடியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.