சனிக்கிழமைக் கைப்பிடி

சனிக்கிழமை வந்தாலே அடீலியாவுக்கு உள்ளங்கை அரிக்கும். 1912-இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மின்சாரக் கார் விற்கும் அவள் கணவன் லாரிமரின் கடையில் அன்றைக்கு அவள்தான் வேடிக்கைப் பொருள். வாசலில் ஒரு பெட்ரோல் கார் நிற்கும். அதன் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றினால்தான் அது கிளம்பும். அவள் சுழற்றுவாள், மூச்சிரைப்பாள், தோற்பாள்.

"பாத்தீங்களா? பொம்பளைங்க கைக்கு இது ஒத்து வராது," என்பான் லாரிமர். "நம்ம மின்சார வண்டியில ஏறி உக்காந்தாப் போதும். சார்ஜ் தீர்றதுக்குள்ள வீடு திரும்பணும்ல, அதனால வீட்டம்மாவும் ரொம்ப தூரம் போயிட மாட்டாங்க!"

ஆண்கள் சிரிப்பார்கள். மின்சார வண்டி விற்றுப்போகும்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பச்சைப் பொய் அது. வசந்தத்தில் ஒரு விடியற்காலை, யாருமில்லாதபோது அவள் சுழற்றிப் பார்த்துவிட்டாள். இரண்டாவது சுற்றிலேயே இயந்திரம் உறுமியது. பயந்துபோய் அணைத்தாள், யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டில் அடுப்பு எரிவதே அவள் தோற்பதால்தானே! ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மின்சார வண்டியில் ஆற்றுப் பாலம் வரை போவாள். சார்ஜ் காட்டும் முள் பாதிக்கு இறங்கியிருக்கும். திரும்பிவிடுவாள்.

அந்தச் சனிக்கிழமை திருமதி பிரூவிட் என்ற விதவை, புத்தம்புது பெட்ரோல் காரைத் தானே ஓட்டிவந்து நிறுத்தினாள்.

"இதுக்குக் கைப்பிடி சுத்தவே வேணாம். காலால ஒரு மிதி, அவ்வளவுதான். உங்க வீட்டம்மாவ உக்காரச் சொல்லுங்க, பாக்கலாம்."

கூட்டம் நெருங்கியது. அடீலியா ஏறி அமர்ந்தாள். லாரிமர் குனிந்து கிசுகிசுத்தான்.

"இதையும் முடியலன்னு சொல்லிடு. கைப்பிடிக்கு மட்டும் அவ்வளவு அழகா நடிக்கிறியே."

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே ஜன்னல்லேருந்து பாத்தேன்."

பார்த்துவிட்டும் இத்தனை சனிக்கிழமைகள் ஊரார் அவளைப் பார்த்துச் சிரிக்க விட்டிருக்கிறான். அவள் மிதித்தாள். இயந்திரம் கிளம்பியது. யாரும் சிரிக்கவில்லை. மின்சார வண்டிக்குக் கையெழுத்துப் போட இருந்தவர் பேனாவை மூடிவிட்டு இந்தக் காரைச் சுற்றிவர ஆரம்பித்தார்.

"அடீலியா, இறங்கு!"

அவள் திருமதி பிரூவிட்டைப் பார்த்தாள். "பாலம் வரைக்கும் ஓட்டிப் பாக்கட்டுமா?"

"பாலத்தோட ஏன் நிக்கணும்?" என்று அந்த அம்மாள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

பாலம் வந்தது. பழக்கதோஷத்தில் அடீலியாவின் கண் முள்ளைத் தேடியது. இந்த வண்டியில் முள்ளே இல்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாளை அடுப்பு எப்படி எரியும் என்ற கவலையும் கூடவே வந்தது. வண்டியை அவள் திருப்பவில்லை.