வீட்டில் செடி வளர்க்கிறீர்களா

நகரத்துக்கு வெளியே, இல்-பிசார் பக்கம் பஸ் அதிகம் ஓடாது. இறங்கி இருபது நிமிடம் பனியில் நடந்தால்தான் அந்தக் கண்ணாடிக் கூடங்கள் வரும். உள்ளே வளர்வது கஞ்சா. முகத்தைச் சுளிக்காதீர்கள் பிள்ளைகளே, ஒளித்து மறைத்துச் செய்கிற வேலை இல்லை இது. அனுமதி எடுத்து, மருந்துக்கென்று வளர்த்து, ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள். அனுப்புகிற ஒவ்வொரு கிலோவுக்கும் வரி உண்டு. அந்த வரியை நம்பித்தான் கார்ட்டியர்வில்லில் எண்பது குழந்தைகளுக்கு ஒரு கார்டெரி, அதாவது பகல்நேரக் குழந்தைகள் காப்பகம், எழும்பிக்கொண்டிருந்தது. யோகராணியின் மகள் பிரஷாந்தினி இரண்டு வருடம் அலைந்து, கடைசியில் அங்கே தன் குழந்தைக்கு அறுபத்தெட்டாவது இடம் பிடித்து வைத்திருந்தாள்.

யோகராணிக்கு ஐம்பத்தாறு வயது. அந்தக் கூடத்தின் நாலாம் அறையில் செடிகளின் கீழிலைகளைக் கிள்ளி எடுப்பது அவள் வேலை. பக்கத்து வரிசையில் றோசா. மன்னாரில் பிறந்தவள், தனியாக நின்று இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். யோகராணியும் அவளும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள்.

பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை, நாலாம் அறைச் செடிகளில் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. ஊசி முனை அளவுதான் இருக்கும், செஞ்சிலந்தி என்பார்கள். ஏற்றுமதிக்குப் போகிற செடிக்குப் பூச்சிமருந்து அடிக்க முடியாது. அறை முழுவதையும் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். முதல் ஏற்றுமதிக்கு மூன்று வாரம் இருந்தது.

மேற்பார்வையாளர் ஜெராட் பழைய படிவங்களை எடுத்துப் புரட்டினார். வேலைக்குச் சேரும்போது எல்லோரும் நிரப்பியது அது. வீட்டில் பூச்செடி, அலங்காரச் செடி ஏதும் வளர்க்கிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி. உடுப்பில் ஒட்டிக்கொண்டு பூச்சி வரும் என்பதால் கேட்பது. நாலாம் அறையில் வேலை செய்த பதினாலு பேரில் ‘ஆம்’ என்று எழுதியிருந்தவள் றோசா ஒருத்திதான். யன்னலோரம் இரண்டு ஜெரேனியம் பூச்சட்டி வைத்திருந்தாள். வியாழக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை இருக்குமா இல்லையா என்று அடுத்த செவ்வாய் சொல்வார்களாம்.

சனிக்கிழமை றோசா யோகராணிக்குப் போன் எடுத்தாள்.

“அக்கா, உண்மையை எழுதினபடியாலதான் என்னைப் பிடிச்சினம். நீங்கள் எல்லாரும் ‘இல்லை’ எண்டு எழுதினீங்கள், தப்பிட்டீங்கள்.”

“என்ரை வீட்டில பூக்கன்று இல்லைத்தானே றோசா.”

“ஓம் அக்கா, உங்களைச் சொல்லேல்லை.”

யோகராணி பொய் சொல்லவில்லை. அவள் வீட்டில் பூவென்று ஒன்றும் இல்லை. ஹோலின் மூலையில் கூரையைத் தொடுகிற ஒரு கறிவேப்பிலை நின்றது, அவ்வளவுதான். பதினாலு வருடமாக நிற்கிறது. உப்பு, புளி மாதிரி அதுவும் கறிச்சாமான். அதைச் செடி என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில், போட்ட சுவெட்டரோடு இரண்டு நெட்டு முறித்துக் கறிக்குள் போட்டுவிட்டு ஓடுவாள்.

ஞாயிறு பின்னேரம் கீழ்மாடி அருமைராசா வந்தார். கிழமைக்கொருக்கால் கறிவேப்பிலை பிடுங்க வருகிறவர். பிடுங்கப் போன கை நின்றுவிட்டது.

“பிள்ளை, இதென்ன இலை முழுக்க மஞ்சள் புள்ளி?”

“வெயில் காணாது போல, அண்ணை.”

அவர் ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து நெட்டைத் தட்டினார். தாளில் விழுந்த தூசு மெல்ல நகர்ந்தது.

“செஞ்சிலந்தி. என்ரை பழைய கூட்டாளி. வில்லரே வீட்டுப் பேஸ்மென்றில என்ரை முப்பது கஞ்சாச் சட்டியில அரைவாசியைத் திண்டது இவர்தான். மிச்சத்தைத்தான் பொலிஸ் கொண்டு போனது.”

“அங்கை எப்பிடி வந்தது?”

“மனுசியின்ரை கறிவேப்பிலையில இருந்துதான்.”

யோகராணி கதிரையில் இருந்துவிட்டாள். நாலாம் அறையையும் றோசாவையும் பற்றிச் சொன்னாள். அருமைராசா கனநேரம் தாடையைச் சொறிந்தார்.

“வாயைத் திறவாதை. உண்மையைச் சொன்னா நீதிபதி இரங்குவார் எண்டு லோயர் சொன்னவன். சொன்னன். மூண்டு மாசம் மறியல். இருபது வருசமாகுது, இப்பவும் உங்கட கூடத்தில கூட்டுற வேலைக்கும் என்னை எடுக்கமாட்டினம். நான் வளத்தா குற்றம், கம்பனி வளத்தா கார்டெரி.”

“எரிச்சலா இல்லையோ அண்ணை?”

“எரிச்சல் என்னத்துக்கு? குஞ்சு குருமனுக்கு இடம் கிடைக்குதெல்லே. நானும் அப்ப வரி கட்டுறன் எண்டுதான் பொலிஸுக்குச் சொன்னனான். வாங்க ஆளில்லை.” சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, “உன்ரை வேலை போனா மகளின்ரை வீட்டு வாடகையை ஆர் பாக்கிறது? யோசி,” என்றார்.

திங்கட்கிழமை யோகராணி சுவெட்டரைக் கொதிநீரில் தோய்த்துப் போட்டுவிட்டு வேறொன்று போட்டுக்கொண்டு போனாள். ஜெராட் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சொல்ல ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். அவள் முறை வந்தது. இல்லை என்றாள். அன்று பஸ்ஸில் பக்கத்து இருக்கை வெறுமையாகக் கிடந்தது. யன்னலைப் பார்த்தபடியே வீடு வந்து சேர்ந்தாள்.

செவ்வாய் காலை, தேநீர் நேரத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது, ஜெராட் வந்து றோசாவை வேலையிலிருந்து நிறுத்துவதாகச் சொல்ல வாயெடுத்தார். யோகராணி எழும்பினாள். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு, கடைக்குப் போய் வருகிற அளவுதான். அதை வைத்துக்கொண்டு சொன்னாள்: என் வீட்டில் ஒரு மரம் இருக்கிறது, பூ இல்லை, சமையலுக்கு, அதனால் இல்லை என்று எழுதினேன், அதில் பூச்சி இருக்கிறது. பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி உறைய வைத்துக் கொண்டுவந்த நெட்டை மேசையில் வைத்தாள்.

ஜெராட் பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “சமையலுக்கா?” என்று கேட்டார்.

“சமையலுக்கு.”

பிறகு பின் வரிசையிலிருந்து ஹெயிட்டிக்காரப் பெண் ஒருத்தி மெதுவாகக் கை தூக்கினாள். அவள் வீட்டில் தைம் என்கிற வாசனை இலை இருக்கிறதாம், சமையலுக்குத்தான். வியட்நாம்காரர் ஒருவர் தேசிமரம், அதாவது எலுமிச்சை, என்றார். ஒருத்தி புதினா, இன்னொருவர் மிளகாய். எண்ணிப் பார்த்தால் ஒன்பது கை. ஜெராட் நெற்றியைத் தேய்த்தார். தன் மனைவி குசினி யன்னலில் பசில் என்கிற துளசி வைத்திருக்கிறாள் என்று, ஏதோ பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் போலச் சொன்னார். ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. அவரே முதலில் சிரித்தார். ஒருவரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை.

ஆனாலும் வந்த இழப்பு வந்ததுதான். நாலாம் அறை எரிந்தது. முதல் வரி குறைந்ததால் கார்டெரி அறுபது குழந்தைகளோடுதான் தொடங்குமென்று கடிதம் வந்தது. அறுபத்தெட்டாம் இடம் ஜனவரிக்குத் தள்ளிப்போனது. பிரஷாந்தினி கடிதத்தை மடித்து வைத்தாள். “நீங்கள் சொல்லாட்டி மற்ற அறையும் போயிருக்கும், அம்மா,” என்றாள். ஆனால் அன்று இரவே, ஜனவரி வரை குழந்தையைப் பார்க்க ஆள் தேடிப் போன் எடுக்கத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமைக்குள் யார் வீட்டிலும் பச்சைச் செடி இருக்கக் கூடாது என்பது கம்பனியின் உத்தரவு. யோகராணியும் அருமைராசாவும் கறிவேப்பிலையை அடியோடு அரிந்து, இலையை உருவி, பை பையாக உறைபெட்டியில் அடுக்கினார்கள். வெறும் சட்டியைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அவள் கொஞ்சநேரம் அந்த மூலையைப் பார்க்காமலே வீட்டுக்குள் நடமாடினாள்.

றோசா அடுத்த திங்கள் வேலைக்குத் திரும்பினாள். உடுப்பு மாற்றுகிற அறையில் இருவர் மட்டும்.

“ஜெராட் எல்லாம் சொன்னவர். உங்களுக்கு எப்ப தெரியும் அக்கா?”

“ஞாயிறு பின்னேரம்.”

“சொன்னது செவ்வாய்.”

“ஓம். திங்களும் கேட்டவர். பயத்தில இல்லை எண்டிட்டன்.”

றோசா முடியை மூடுகிற வலையைத் தலைக்கு மேலாக இழுத்துவிட்டாள்.

“அந்தத் திங்கள்தான் என்ரை பெரியவன் கேட்டவன், அம்மா களவெடுத்தனீங்களோ எண்டு.”

கதவு வரை போன றோசா திரும்பிப் பார்த்தாள்.

“பின்னேரம் பஸ்ஸில எனக்குப் பக்கத்தில இருக்காதையுங்கோ.”

“சரி றோசா.”

“இண்டைக்கு மட்டும்தான். நாளைக்குப் பாப்பம்.”