செருப்பும் தமிழும் வெளியே

ஜமீலா பீவியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிவர இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது. கோமுவின் அப்பா அங்கே டாக்டர், அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பி வருகிறாள் அந்த அம்மாள். கோமுவின் அப்பா பிச்சைக்கண்ணு ஒரு டாக்டரே இல்லை.

வகுப்பில் அது கோமுவுக்கு மட்டும்தான் தெரியும்.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடந்தது அந்த ஆங்கில வகுப்பு. மகேஸ்வரன் சார் முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார்: செருப்பையும் தமிழையும் வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். அன்றைக்கே ஒவ்வொருவராக எழுப்பி, அப்பாவுக்கு என்ன வேலை என்று ஆங்கிலத்தில் கேட்டார். கரும்பலகையில் மாதிரி பதில் இருந்தது. மை ஃபாதர் இஸ் எ டாக்டர். ஹி வொர்க்ஸ் இன் எ ஹாஸ்பிடல். காஜா முகைதீன் அதையே வாசித்தான். அவன் வாப்பாவின் கோரைப்பாய்க் கடை ஊருக்கே தெரியும் என்பதால் எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்தது கோமு. வேதியியலில் முதல் வகுப்பில் தேறியவள்தான். ஆனால் நாலு பேர் முகத்தைப் பார்த்துவிட்டால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அவளும் பலகையைப் பார்த்து வாசித்துவிட்டு உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது வாக்கியம் உண்மைதானே என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அன்று முதல் பக்கத்து இருக்கை ஜனாபாவுக்கு அவள் டாக்டர் மவள். மேலப்பாளையத்துக்காரி, வாய் ஓயாது. கோமுவுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். கோமுவுக்கு அதற்கு முன் அப்படியொரு சிநேகிதி வாய்த்ததில்லை.

ஜனாபாவின் உம்மா ஜமீலா பீவிக்கு இதயத்தில் வால்வு சுருங்கிவிட்டது. மதுரையில் ஆபரேஷனுக்கு நாளைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தவறினால் அடுத்த முறை வர இரண்டு மாதம் ஆகும். அத்தனை நாள் தாங்காது என்றும் அங்கேயே சொல்லிவிட்டார்கள். உம்மாவுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். தெரிந்த டாக்டர் உள்ளூரில் இருக்கும்போது மதுரை எதற்கு என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். நேற்று ஜனாபா இதைச் சொல்லி, உன் அப்பா பார்த்துக்கொள்வாரா என்று கேட்டபோது கோமுவின் தலை தானாக ஆடியது. இன்று வந்ததும், "ஏளா டாக்டர் மவளே, ஒங்கப்பாட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டபோதும் ஆடியது. ஆறு மணிக்கு அண்ணன் முஹ்சின் ஜனாபாவைக் கூப்பிட வருவான். உறுதி என்றால், மதுரைக்குப் பேசியிருந்த காரை வேண்டாம் என்று சொல்லிவிடுவான்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் தேடி வருகிறவர்கள் உண்டு. அழுதபடி வருவார்கள். அவர்களுக்கு அவரால் ஆகிற உதவி ஒன்றுதான். அது ஜனாபாவுக்கு வேண்டியிருக்கக் கூடாது. வேலை முடிந்தால் அப்பா நேரே ஆற்றுக்குப் போய் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். மழையானாலும் அப்படித்தான்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது சார் இரண்டிரண்டு பேராகப் பேச விட்டார். டாக்டரும் நோயாளியின் வீட்டாரும் பேசுவதுதான் அன்றைய பாடம். டாக்டராக யார் என்று சார் கேட்கவே இல்லை. கோமுவை எழுப்பினார். எதிரே ஜனாபா நின்றாள்.

காய்ச்சல் எத்தனை நாளாக, இருமல் உண்டா என்று புத்தகத்தில் உள்ளதைத்தான் இருவரும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். திடீரென்று ஜனாபா புத்தகத்தை மூடினாள். தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலேயே சொன்னாள். என் அம்மாவால் படுக்க முடியவில்லை. இரவெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறாள். அவளைப் பிழைக்க வைப்பீர்களா, டாக்டர்?

பதில் சொல்லச் சொல்லி சார் கண்ணைக் காட்டினார். கீழே பைக் வந்து நின்றது. ஹாரன் இரண்டு முறை ஒலித்தது.

"மதுரைக்கே கூட்டிட்டுப் போங்க," என்றாள் கோமு.

சார் மேசையில் தட்டினார். தமிழ் கூடாது.

"காரை வேண்டாம்னு சொல்லிராதீங்க. எங்கப்பா டாக்டர் இல்ல."

காஜா முகைதீன் சிரிக்க வாயெடுத்து அடக்கிக்கொண்டான். ஜனாபாவும் தமிழுக்கு வந்தாள்.

"கம்பவுண்டரா? அதுக்கென்னளா. உள்ள ஒரு தெரிஞ்ச ஆளு இருந்தாப் போதும்னுதான் உம்மா சொல்லுதாவ. நாளைக்கு ஒங்கப்பாவையே கூட நிக்கச் சொல்லு."

"அவுக கூட நிக்கக் கூடாது, ஜனாபா."

"ஏன்?"

ஹாரன் மறுபடியும் ஒலித்தது. கோமு வகுப்பைப் பார்க்கவில்லை. ஜனாபாவின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"எங்கப்பா அங்கன பொணவறையில வேலை பாக்காவ."