தேவாலை மண்ணில் சீதன வீடு

கட்டுகஸ்தோட்டை வீட்டுச் சுவர்களில் அடித்த சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அதற்குள் அந்த வீட்டால் உம்மு குல்சுமுக்குப் புதிய கவலை வந்துவிட்டது.

மகள் றமீஸாவுக்குச் சீதனமாக எழுதுவதற்கென்றே வாங்கி, குடும்பத்தோடு குடிவந்த வீடு அது. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவது அவர்களுடைய வழக்கம். வத்தேகமயில் புடைவைக்கடை வைத்திருந்த அவள் கணவர் ஹுஸைன், பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத்தான் போனார். ஓட்டு வீடு, வற்றாத கிணறு, முழு உரிமை நிலம், வில்லங்கம் எதுவும் இல்லை என்று போட்டிருந்தார்கள். கடைக்காரருக்கு வில்லங்கம் என்றால் ஈடு வைத்திருப்பதுதான். அப்படி ஒன்றும் இல்லையே என்று பத்திரம் எழுதிய நொத்தாரிசைத் துருவித் துருவிக் கேட்டார். மண் யாருடையது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

அன்று காலை வெற்றிலைச் சுருளோடு வந்த சிங்களப் பெரியவர் அதைச் சொன்னார். வீடு நிற்பது சிங்களவர்கள் தெய்வம் கும்பிடும் தேவாலைக்குச் சொந்தமான நிலமாம். அங்கே குடியிருப்பவர் வருஷா வருஷம் பெரஹரா ஊர்வலத் தீப்பந்தங்களில் எரிக்கக் காய்ந்த தேங்காய்க் கொப்பறா கொடுக்க வேண்டுமாம். வீட்டுத் தலைவர் தன் கையாலேயே கொண்டுபோய் ஒப்படைப்பது ராஜாக்கள் காலத்து ஒழுங்காம். விற்றவரும் அப்படித்தான் கொடுத்து வந்தாராம். பெரியவர் மரியாதையாகவே பேசி, இனி வீட்டுத் தலைவராக வரப்போகும் மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை நளீரின் தகப்பன் அக்குறணைப் பள்ளிவாசல் நிர்வாகி. அவருடைய மகன் கொப்பறாவைச் சுமந்துகொண்டு தேவாலை வாசலில் நிற்பதா? விற்றவனைத் தேடி ஓடிய ஹுஸைன், அவன் கொழும்புக்குப் போய்விட்டான் என்ற செய்தியோடு திரும்பினார். பின்னேரம் நளீரின் தாய் றலியா வீடு பார்க்க வருகிறாள்.

"நிக்காஹ் முடியட்டும். பொறகு ஆறுதலாச் செல்லிக்கொள்ளலாம்" என்றார் ஹுஸைன்.

"பொறகு தெரிஞ்சா எங்கட புள்ளயத்தானே ஏசுவாங்க?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். உள்ளறையில் றமீஸா தனக்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும், வாயைத் திறக்காமலே இருந்துவிடலாமா என்று குல்சுமுக்கும் ஒரு கணம் ஆசை வந்தது.

றலியா வந்து அறை அறையாகப் பார்த்தாள். சுவரைத் தட்டிப் பார்த்து, "தடிப்பாத்தான் ஈக்கி. நல்லம். எங்கட மகன் குறட்டை விட்டா அடுத்த வீட்டாக்களுக்குக் கேக்கா" என்றாள். அலுமாரி வைக்க இடமும் பார்த்து வைத்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க, குல்சுமுக்கு மறைக்க மனம் வரவில்லை. வட்டிலப்ப இனிப்புத் தட்டை அவள் கையில் கொடுத்த கையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

றலியா தட்டைக் கீழே வைத்தாள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். தட்டில் வைத்தது வைத்தபடியே இருந்தது.

அதன் பிறகு அக்குறணையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டாலே குல்சும் ஜன்னலுக்கு ஓடினாள். றமீஸாவின் பாட்டு நின்றுபோயிற்று. அவள் தாயின் முகத்தை மட்டும் பார்த்தாள். ஹுஸைன் மனைவியோடு பேச்சையே குறைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரத்தில் றலியா தானே வந்தாள். கதிரையில் உட்காரு முன்பே பேசினாள்.

"மதினி, இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேனென்டு எங்கட வீட்டுக்காரர் செல்லிட்டார். மகன அனுப்பவும் மாட்டாராம்."

குல்சும் உள்ளறைக் கதவைச் சாத்தினாள்.

"ஆனா மகன் வேற பொண்ணு வேணாமென்டு நிக்கிறான். நீங்களும் ஒளிக்காமச் செல்லிட்டீங்க. வீடு எங்களுக்கு வேணாம். புள்ளயத் தாங்க, நான் அக்குறணைக்குக் கூட்டிக்கொண்டு போறேன்."

கல்யாணம் நின்றுபோகும் என்று இத்தனை நாளும் மனத்தைத் தயார்படுத்தி வைத்திருந்தாள் குல்சும். கல்யாணம் நடந்தும் மகள் கூட இருக்க மாட்டாள் என்பது அவள் நினைத்தே பார்க்காத கணக்கு. வாசலில் நின்ற ஹுஸைன், வீட்டை இனித் தன் பெயரிலேயே வைத்துக்கொள்வதாகவும், கொப்பறாவைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் மெல்லச் சொன்னார். அவள் காதில் அது விழவில்லை.

"கிழமைக்கு ஒருக்காவாவது அனுப்புவீங்களா?" என்று கேட்டாள்.

"அவள் உங்கட புள்ள. நீங்க வந்து ஒரு மாசம் நில்லுங்க, யாரு வேணாமென்ட?"

குல்சும் தலையை ஆட்டினாள். பிறகு மகளிடம் சொல்ல உள்ளே போனவள், கதவருகில் நின்று முந்தானையால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.