சின்ன ராடு

லாரி மதியத்துக்குள் வந்துவிடும் என்று அண்ணன் காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிவிட்டான். சொன்ன விதம் இருக்கிறதே, அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ பாட்டுக்கு நோண்டிட்டு இரு. அவங்க வந்து ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க" என்றான். நோண்டுகிறேனாம்! லீவு நாளெல்லாம் கொட்டகையில் மல்லாந்து கிடந்து முதுகுத் தோல் தேய்ந்தது எனக்கு. அவனுக்கு அது நோண்டல்.

கொட்டகையில் நிற்பது அப்பாவின் பழைய ஃபோர் வீல் வேகன். நான்கு சக்கரமும் இழுக்கும், பின்னால் ஒரு குடும்பமே உட்காரலாம். நான் காலேஜ் படித்தபோது படுத்தது, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. இப்போது கொட்டகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் அண்ணன் வீடு கட்டப் போகிறான். வண்டி பழைய இரும்புக் கடைக்கு. நான் குதித்த குதியில் அப்பாதான் நடுவில் வந்து தீர்ப்புச் சொன்னார். "லாரியில ஏத்தறதுக்குள்ள அது தன் காலால நடந்து கேட்டைத் தாண்டிடுச்சுன்னா அவளுக்கு. இல்லேன்னா இரும்புக்கு. இதுக்கு மேல யாரும் என் காதுகிட்ட வந்து கத்தக் கூடாது."

வண்டி மட்டும் வேண்டும் என்றால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அதன் கியர் பாக்ஸை உடைத்தவள் நான் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. ஒரு மழை நாளில் நான் அதை ஓட்டிக்கொண்டு போய் ஓடைத் தண்ணீரில் இறக்கினேன். நடு ஓடையில் எஞ்சின் நின்றுவிட்டது. அண்ணன் ஒரு டிராக்டரைப் பிடித்து, கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தான். ஈரம் காய்ந்ததும் எஞ்சின் ஓடியது. ஆனால் எந்த கியர் போட்டாலும் வண்டி இம்மியும் நகரவில்லை. வந்த மெக்கானிக் குனிந்துகூடப் பார்க்காமல் "பாக்ஸ் போச்சு" என்றான். "முரட்டுத்தனமா ஓட்டியிருக்கா, பல்லெல்லாம் போயிருக்கும்" என்று அண்ணன் ஒத்து ஊதினான். வேலையாக வெளியூர் போயிருந்த அப்பா திரும்பி வந்து என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டிப் பக்கமே போகாமல் கொட்டகைக் கதவைச் சாத்தினார்.

அன்றிலிருந்து யார் வண்டிச் சாவி மேசையில் கிடந்தாலும் அண்ணன் சொல்வான்: "சாவிய அவ கையில குடுத்துடாதீங்க." எல்லாரும் சிரிப்பார்கள், அம்மா உட்பட. நானும் பல்லைக் காட்டி வைப்பேன். அப்புறம் நான் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. ஆபீஸ் ஆபீஸாகப் போய் ஜெராக்ஸ் மெஷினும் பிரிண்டரும் ரிப்பேர் பார்ப்பது என் தொழில். ஸ்பேனர் பையும் டோனர் டப்பாவுமாக இன்னும் பஸ்ஸில்தான் தொங்குகிறேன்.

வண்டியை ஒன்றுமில்லாததிலிருந்து ஆரம்பித்தேன். டேங்க்கில் இருந்தது பெட்ரோலே இல்லை, துருக் கஷாயம். அதைக் கொட்டிக் கழுவினேன். கார்பரேட்டரைப் பிரித்து ஊறப் போட்டேன். பிளக்கைக் கழற்றி, எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்ற வைத்தேன். எலி கடித்த ஒயரையெல்லாம் மாற்றினேன். இறுகிப்போன பிரேக்கைக் கழற்றியபோது நான் திட்டிய திட்டில் அம்மா சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். கியர் பாக்ஸை மட்டும் கடைசிக்கு வைத்தேன். உண்மையைச் சொன்னால், திறந்து பார்க்கப் பயம். நிஜமாகவே பல் உடைந்திருந்தால்?

புது பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்பினேன். இருமியது, புகை கக்கியது, நின்றது. மறுபடி திருப்பினேன். கொட்டகைத் தகரம் அதிர எஞ்சின் பிடித்துக்கொண்டது. "ஐயோ, ஓடுதுடி!" என்று அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். அப்பா வாசலில் நாற்காலியை விட்டு எழவில்லை. ஆனால் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

கிளட்சை அழுத்தி முதல் கியர் போட்டேன். வழுக்கிக்கொண்டு விழுந்தது. கிளட்சை விட்டேன். வண்டி நகரவில்லை. ரெண்டாவது, ரிவர்ஸ், ஒன்றுக்கும் அசைவில்லை. தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது. அழுதுவிடுவேன் போலிருந்தது.

அண்ணன் பைக்கில் முன்னால் வந்து கேட்டருகே நின்றான். பின்னாலேயே லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் இறங்கி எட்டிப் பார்த்து, "என்னம்மா, வண்டி உறுமுது, இதையா எடைக்குப் போடப் போறீங்க?" என்றார். "உறுமும், நகராது" என்றான் அண்ணன். "நான்தான் அப்பவே சொன்னேனே."

அவன் அப்படிச் சொன்னதும் என் மண்டையில் ஒன்று இடித்தது. பல் உடைந்த பாக்ஸ் சும்மா இருக்குமா? கரகர என்று கத்தாதா? இது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. என் தொழிலில் தினமும் இதே புகார்தான் வரும்: "மேடம், மோட்டார் ஓடுது, பேப்பர் போகலை, மெஷின் போச்சு." போய்ப் பார்த்தால், சிக்கிய பேப்பரை உருவுவதற்காக எவரோ உள்ளே உருளைகளின் பிடியைத் தளர்த்தும் பச்சைக் கோலை இறக்கிவிட்டிருப்பார்கள். பேப்பரை உருவியதும் கோலைத் திரும்ப ஏற்ற மறந்திருப்பார்கள். இழுப்பதற்காக விடுவித்தது! இந்த வண்டியையும் டிராக்டர் இழுத்ததே!

குனிந்து பார்த்தேன். கியர் ராடுக்குப் பக்கத்தில், அம்மா தைத்த துணி உறைக்குள் சின்ன ராடு. நான்கு சக்கர இழுவைக்கு அதைத்தான் போட வேண்டும். சின்ன வயதில் அண்ணன் அதைப் பிடித்து விளையாட, நியூட்ரலில் விழுந்து, சரிவில் நின்ற வண்டி உருண்டு சுவரை இடித்தது. "இனிமே சின்ன ராடைத் தொட்டா கைய ஒடிச்சிடுவேன்" என்றார் அப்பா. அம்மா உடனே உறை தைத்து, அப்பா மட்டும் சட்டென்று உருவிக்கொள்ளச் சுருக்குப் போட்டாள். அதற்கப்புறம் அப்படி ஒரு ராடு இருப்பதே எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

இப்போது அதில் சுருக்கு இல்லை. இறுக்கிய ரெட்டை முடிச்சு. நகம் ஏறவில்லை. பையிலிருந்த கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி, உறையை உருவி வெளியே எறிந்தேன். ராடு நட்ட நடுவில், நியூட்ரலில் நின்றது; அங்கே நின்றால் எந்த கியர் போட்டாலும் சக்கரத்துக்கு இழுவை போகாது. கிளட்சை அழுத்திக்கொண்டு, ரெண்டு கையாலும் பிடித்து, உயிரைக் கொடுத்து முன்னால் தள்ளினேன். கடக் என்றது.

முதல் கியர் போட்டு கிளட்சை விட்டதும் வண்டி என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பியது. கொட்டகைக் கதவு, அம்மா, அப்பாவின் நாற்காலி எல்லாம் பின்னால் போயின. அண்ணன் பைக்கைத் தள்ளிக்கொண்டு ஓரம் ஓடினான். கேட்டைத் தாண்டி, லாரியின் மூக்கருகே பிரேக்கை மிதித்தேன். நின்றது!

அப்பா உறையை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கம்மா இப்படிக் கட்ட மாட்டா. சின்ன ராடை யாரு தொட்டது?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "நான்தான்ப்பா" என்றான். "டிராக்டர்ல இழுக்கிறப்போ நியூட்ரல்ல போட்டேன். நீங்க திட்டுவீங்கன்னு மறுபடி உறைய மாட்டிட்டேன். ராடைத் திருப்பிப் போட மறந்துட்டேன். சத்தியமா இப்பதான் ஞாபகம் வருது."

அவனிடம் கேட்பதற்கு எத்தனையோ வருடமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். "நான் இன்னும் பஸ்ஸுலதான் தொங்கிட்டு இருக்கேன் அண்ணா" என்று மட்டும் சொன்னேன். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

லாரி டிரைவர்தான் தொண்டையைச் செருமினார். "வண்டிய கொஞ்சம் ஓரங்கட்டுங்க, நான் திருப்பணும்."

அண்ணன் பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் வந்து கையை நீட்டினான். "நீ எறங்கு. தெரு குறுகல். சாவிய விடு, நான் எடுத்து விடறேன்."

அதற்குள் அப்பா அந்தப் பக்கக் கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவனைப் பார்க்காமல் நேராகத் தெருவையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "சாவிய அவன் கையில குடுத்துடாதே."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிளட்சை மிதித்தேன்.