மணிமொழியின் பாறை

மணிமொழிக்குக் கர்ப்பப்பை இறங்கிய அதே செவ்வாய்க்கிழமை, செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைச் சரிவில் கிடந்த யானை அளவு பாறை ஒன்றும் அவள் வீட்டை நோக்கி ஒரு சாண் இறங்கியது. அன்று செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு ஒன்பதாயிரம் மூட்டை நெல் வந்திருந்தது. அங்கே சிந்திய நெல்லைக் கூட்டித் தூற்றி மூட்டை பிடிப்பது அவள் வேலை. ஒரு மூட்டையை இடுப்போடு அணைத்துத் தூக்கும்போது அடிவயிற்றில் ஏதோ நழுவியது. வீட்டுக்கு வந்து குளியலறையில் குந்தியவளின் கையில் கோழிமுட்டை அளவுக்கு மெத்தென்று ஒன்று தட்டுப்பட்டது. புற்றுநோய்தான் என்று முடிவுகட்டினாள். நாற்பத்தேழு வயது, நான்கு பிரசவம், நான்கிலும் முப்பதாம் நாளே வேலைக்கு ஓடியவள், கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு வெளியே வந்து உலை வைத்தாள்.

செஞ்சிக்காரர்களிடம் போய்ப் பாறை, பாறை என்றால் சிரிப்பார்கள். ஊரைச் சுற்றியிருக்கும் மூன்று மலையும் யாரோ கூடை கூடையாய்க் கொட்டிவிட்டுப் போன பாறைதான். ஆனால் கிடந்த இடத்தில் கிடந்தால்தானே பாறைக்கு மரியாதை? இது நாளுக்கு நாள் நகர்ந்தது. தாலுகா ஆபீஸ் சர்வேயர் வந்து டேப் பிடித்து அளந்தார், சுண்ணாம்புக் கோடு போட்டார், மறுநாள் கோட்டைத் தாண்டி நின்ற பாறையைப் பார்த்துவிட்டு ஒரு டீ குடித்துக் கிளம்பிவிட்டார். அது எப்போது நகர்கிறது என்பது மணிமொழிக்கு மட்டும் தெரியும். அவள் குடம் தூக்கினால் ஒரு சாண். இருமினால் நான்கு விரல். மலம் இறுகி முக்கினால் ஒரு முழம். மல்லாந்து படுத்து, இடுப்புக்கடியில் தலையணை வைத்து, வெளியே வந்ததை மெல்ல உள்ளே தள்ளினால் பாறையும் கொஞ்சம் பின்வாங்கும். எழுந்து நின்றால் திரும்ப வரும்.

பாறைக்கு நேரே இருந்தது வீட்டின் பின்னறை. அங்கேதான் மகள் சுவாதி தலைப்பிரசவம் முடிந்து பச்சைப்பிள்ளையோடு படுத்திருந்தாள். பிள்ளையை முன்னறைக்கு மாற்றிப் பார்த்தார்கள். மறுநாள் காலை பாறை அந்தப் பக்கம் திரும்பி நின்றது. பிள்ளையைப் பழையபடி பின்னறைக்கே கொண்டுவந்தார்கள், பாறையும் பழையபடி திரும்பியது. அதிலிருந்து மணிமொழிக்கு ஒரு வாய்ச் சோறு உள்ளே போகவில்லை. சிரித்தால் மூத்திரம் கசிந்தது என்பதால் சிரிப்பதையும் விட்டிருந்தாள். புருஷன் விநாயகத்திடம் இடுப்பு வலி என்று மட்டும் சொன்னாள். வேறென்ன சொல்வது? வாய்விட்டுச் சொல்கிற சங்கதியா அது?

தெருப் பெரியவர் சுந்தரமூர்த்தி மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்க் குறி கேட்டு வந்தார். "ஆத்தா சூடா இருக்கிறா. கல்லு எந்த ஊட்டப் பாத்து வருதோ, அந்த ஊட்டுப் பொம்பள அமாவாசையன்னிக்கு நூத்தியெட்டுக் கொடம் தண்ணி சொமந்து ஊத்தணும். வேற யாரும் கொடத்தத் தொடக் கூடாது," என்றார். மணிமொழி, முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்களே என்று தலையாட்டினாள்.

அமாவாசைக் காலையில் பாறைக்கும் பின்சுவருக்கும் நடுவே முப்பதடி இருந்தது. முதல் குடம் ஊற்றியதும் பாறை ஒரு சாண் இறங்கியது. அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று கூட்டம் கற்பூரம் கொளுத்தியது. பத்தாவது குடத்தில் அவள் காலை அகட்டி வைத்து நடந்தாள். முப்பதாவதில் உள்பாவாடை நனைந்து ஒட்டியது. முப்பத்தொன்பதாவது குடம் ஊற்றியபோது பாறைக்கும் சுவருக்கும் ஒரு சாண்தான் மிச்சம். சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்தது. உள்ளே பிள்ளை வீறிட்டது. நாற்பதாவது குடம் அவள் இடுப்பில் இருந்தது.

"இன்னாமே நின்னுட்ட? இன்னும் பாதிகூட ஆவல," என்றான் விநாயகம்.

மணிமொழி குடத்தைத் தரையில் வைத்தாள். "என்னால ஆவாதுங்க. எனக்கு அடி தள்ளிப்போச்சு. கொடத்தத் தூக்கினா வெளிய வருது. அது வந்தா இந்தக் கல்லும் வருது. இந்தக் கொடத்தையும் தூக்கி ஊத்தினா என் பேரப்புள்ளய நானே கொன்னுடுவேன்."

ஆண்கள் அத்தனை பேரும் மலை உச்சியைப் பார்த்தார்கள். சுந்தரமூர்த்தி கற்பூரத் தட்டைப் பார்த்தார். பிள்ளைக்கு ஊசி போடும் நாளைச் சொல்ல வந்திருந்த கிராம நர்ஸ் கலைவாணி உள்ளேயிருந்து வந்து மணிமொழியின் கையைப் பிடித்தாள். "எத்தினி நாளாக்கா?" என்று மட்டும் கேட்டாள். முன்னறைக்கு அழைத்துப் போய்ப் படுக்கவைத்துப் பார்த்தாள். "புத்துநோய் இல்லக்கா, பயப்படாத. கர்ப்பப்பையத் தாங்குற சதை தளர்ந்து பூட்டுது. புள்ள பெத்தவங்க நெறைய பேருக்கு இருக்குது. ஒருத்தியும் வாயத் தொறக்கிறதில்ல."

மணிமொழி அழுதாள். வெளியே விநாயகம் நாற்பதாவது குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாறைமேல் ஊற்றினான். பாறை அசையவில்லை. மீதி அறுபத்தெட்டையும் அவனே ஊற்றினான். அன்றிலிருந்து அந்த வீட்டில் தண்ணீர் எடுப்பது அவன்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே ஒரு ரப்பர் வளையம் வைத்தார். பாறை நான்கடி பின்னால் போய் நின்றுகொண்டது. வளையம் நிற்காவிட்டால் ஆபரேஷனும் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. மணிமொழிக்கு வளையமே போதுமென்று பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்துக் கழுவுகிற காலையில் மட்டும் பாறை ஒரு விரல் முன்னால் வரும். மூத்திரத்தை அடக்குவதுபோல் அடிச்சதையை இறுக்கி இறுக்கி விடுகிற பயிற்சியைச் சீரியல் பார்த்தபடி செய்தாள். கமிட்டியில் தூற்றுவதோடு சரி, மூட்டையைத் தொடுவதில்லை. பயம் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். இருமல் வந்தால் இன்றைக்கும் அவள் கண் பின்சுவருக்குத்தான் போகும். பேரனுக்கு இப்போது நாலு வயது, பாறையில் சறுக்கி விளையாடுகிறான்.

அந்தப் பாறையில் மிளகாய் காயவைக்கிறேன் என்று பெண்கள் வரத் தொடங்கினார்கள். மளிகைக் கடை குணபாலனின் மனைவி பத்மினி முதலில் வந்து, தனக்கும் அடி தள்ளியிருப்பதைச் சொன்னாள். அவளுடைய பாறை பதினோரு வருஷமாகக் கடைக் கிடங்குக்குப் பின்னால் தார்ப்பாய்க்கடியில் இருந்தது.

போன தை மாதம் மணிமொழி மண்டகப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனாள். வழியெல்லாம் பாறைகள், வயலில், வீட்டுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டகையை ஒட்டி. ராஜா காலத்திலிருந்து கிடக்கின்றன என்று அதுவரை நினைத்திருந்தாள். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றபோது, பக்கத்து சீட்டில் மடிமேல் கனத்த பையோடு உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத பெண் இருமினாள். வரப்போரத்தில் இருந்த பாறை ஒன்று நான்கு விரல் நகர்ந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டாள்.

மணிமொழி அவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்து, "எத்தினி நாளாக்கா?" என்று கேட்டாள்.