ஓடப் பாட்டின் நிறம்

காய்ச்சல் போகும்போது தங்கையின் காதுகளையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. தையல் மெஷினோடு போட்டி போட்டுக்கொண்டு பாடுகிறவள் வாயடைத்துப் போனாள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கப் பழகிவிட்டாள். பாட்டைத்தான் பிடிக்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நம்ம ஓடப் பாட்டு மறந்துக்கிட்டே வருது. நடுவுல ஒரு அடி, தலைகீழா நின்னாலும் வர மாட்டேங்குது."

ஓடப் பாட்டென்றால் இருவருக்கும் உயிர். ஆளில்லாத ஓடம் ஒன்று அந்தி நேரத்து ஆற்றில் தன் போக்கில் மிதந்து போகிற பாட்டு. சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் அதைப் பாடி அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

அக்காவுக்குச் சுவர்களில் படம் வரைவது தொழில். "பொறு, வரைஞ்சு காட்டுறேன்" என்றாள்.

ஆறு, ஓடம், நிலா எல்லாம் வரைந்தாள். தங்கை பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. காலண்டர்ல போடலாம். ஆனா பாட்டு எங்கக்கா?"

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் மனசு விடவில்லை. மறுநாள் புதுத் துணியைச் சட்டத்தில் மாட்டி, பாட்டை ஓடவிட்டு, வார்த்தைகளைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நின்றாள். மத்தளம் அடியாழத்தில் கருநீலமாகப் புரண்டது. குழல் மஞ்சள் இழையாக அதன்மேல் நெளிந்து போனது. குரல் எழும்பிய இடமெல்லாம் செம்மை படர்ந்தது. கை தானாக அசைந்தது. அறையே மெல்ல மிதப்பது போலிருந்தது. ஓரிடத்தில் குரல் சட்டென்று நின்றது. தூரிகையைத் தூக்கிக்கொண்டாள். அந்த இடம் வெள்ளையாகவே நின்றது.

தங்கை எப்போது வந்தாளோ! ஈர வண்ணத்தில் படாமல் விரலை இடமிருந்து வலமாக நகர்த்தினாள். விரல் ஏற ஏற அவள் முணுமுணுப்பும் ஏறியது. வெள்ளை இடம் வந்ததும் மூச்சைப் பிடித்தாள். அக்காவும் பிடித்தாள். பிறகு, தொலைந்துபோயிருந்த அந்த அடி கரகரப்பாக, முழுசாக வெளியே வந்தது.

"இங்க நிறுத்துவாங்கக்கா! நான் மனசுக்குள்ள நிறுத்தாமப் பாடிப் பாடித்தான் வழி தப்பிப் போயிருக்கேன்!"

அக்கா ஆமென்று தலையை ஆட்டினாள். அடுத்த முறை இருவரும் சேர்ந்தே பாடினார்கள். தங்கையின் குரல் கரைக்கும் ஆற்றுக்குமாக அலைந்தது. இருவருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

"அந்த மஞ்சள் மட்டும் கடைசியில கொஞ்சம் சுருதி இறங்கிடுச்சு" என்றாள் தங்கை.

"வந்துட்டாங்க, பெரிய வித்துவான்!" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு, அக்கா தூரிகையை மறுபடி மஞ்சளில் தோய்த்தாள்.